டைப் செய்யும்போதே எல்லா விண்டோவும் மறைந்துவிடுகிறது (விண்டோஸ் 11)

கேள்வி:
வணக்கம். வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். லேப்டாப்பில் வேர்டு கோப்பு, பக்கத்தில் பிடிஎஃப், பின்னால் குரோமில் அகராதி என எப்போதும் மூன்று விண்டோ திறந்திருக்கும். ஒரு வாரமாக, வேலை நடுவில் திரை சர்ரென்று ஒரு பக்கமாக நழுவி எல்லாம் மறைந்துவிடுகிறது. வெறும் வால்பேப்பர்தான் மிஞ்சுகிறது. ஆல்ட் + டேப் அழுத்தினாலும் ஒன்றும் வருவதில்லை. நேற்று பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். கடைசியாகத் திருத்திய நாலைந்து பக்கம் போய்விட்டது. மறுபடி உட்கார்ந்து செய்ய மனமே வரவில்லை. வைரஸாக இருக்குமோ?

பதில் 1:
வைரஸ் மாதிரி தெரியவில்லை. அடுத்த முறை தயவுசெய்து பவர் பட்டன் பக்கம் போகாதீர்கள். உங்கள் கோப்பு திறந்தேதான் இருக்கும். விண்டோஸ் விசையோடு டேப் அழுத்துங்கள். திரையின் அடியில் எத்தனை கட்டம் தெரிகிறது?

கேட்டவர்:
இப்போதுதான் மறுபடி மறைந்தது, உடனே அழுத்திப் பார்த்தேன். டெஸ்க்டாப் 1, டெஸ்க்டாப் 2 என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்குள் என் வேர்டும் பிடிஎஃபும் குட்டியாகத் தெரிகின்றன! இரண்டாவதை நான் உருவாக்கவே இல்லையே?

பதில் 1:
விண்டோஸ் + கன்ட்ரோல் + டி (D) தெரியாமல் அழுந்தினாலே புதிய டெஸ்க்டாப் ஒன்று, அதாவது தனியாக இன்னொரு காலித் திரை, வந்துவிடும். 2015இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆல்ட் + டேப் சாதாரணமாக நீங்கள் நிற்கிற டெஸ்க்டாப்பில் உள்ளதை மட்டும்தான் காட்டும், அதனால்தான் காலியாகத் தெரிந்தது. விண்டோஸ் + கன்ட்ரோலோடு இடது அம்புக்குறி அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

திரை பக்கவாட்டில் நழுவுகிறது என்றால் எனக்கு டச்பேட் மேல்தான் சந்தேகம். நான்கு விரலால் பக்கவாட்டில் இழுத்தால் டெஸ்க்டாப் மாறும். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட், அங்கே நான்கு விரல் சைகைக்கு ‘நத்திங்’ என்று வைத்துவிடுங்கள். அப்புறம், வேர்டில் ஆப்ஷன்ஸ் – சேவ் போய் 10 நிமிடம் என்றிருக்கும் ஆட்டோ ரெக்கவரை (கோப்பின் மீட்புப் பிரதியைத் தானாகச் சேமிக்கும் வசதி) 2 நிமிடமாக்குங்கள். இதை இன்றே செய்யுங்கள்.

பதில் 2:
இரண்டாவது டெஸ்க்டாப்பை மூடினாலும் பயமில்லை, அதிலுள்ள விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். ஆனால் மூடாதீர்கள் என்பேன். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன்: ஒன்றில் வேலை, இன்னொன்றில் மெயிலும் வாட்ஸ்அப்பும். கண்ணில் படாததாலேயே கவனம் சிதறுவதில்லை. விண்டோஸ் + டேப் திரையில் அகராதி விண்டோ மேல் வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு என்று கொடுத்தால் எங்கே போனாலும் அது கூடவே வரும். ஒரு விண்டோவை இடம் மாற்ற, அதே திரையில் அதைப் பிடித்துக் கீழே உள்ள கட்டத்தில் போட்டால் போதும்.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். இப்படிப் பிரித்து வைப்பதால் ரேம் மிச்சமாகாது, திறந்திருப்பது திறந்திருப்பதுதான். ரீஸ்டார்ட் செய்தால் டெஸ்க்டாப்புகள் இருக்கும், விண்டோக்களைத் திரும்ப நாம்தான் அடுக்க வேண்டும்.

கேட்டவர்:
டச்பேடேதான்! மூலப் புத்தகத்தை லேப்டாப்பின் முன்விளிம்பில் சாய்த்து வைத்திருப்பேன். பக்கம் திருப்பும்போது நான்கு விரலும் டச்பேடில் உரசுகின்றன. வேண்டுமென்றே ஒருமுறை திருப்பிப் பார்த்தேன், அப்படியே நழுவியது. சைகையை நிறுத்திவிட்டேன். காலையிலிருந்து முப்பது பக்கம் முடித்தாயிற்று, ஒருமுறைகூட மறையவில்லை. டெஸ்க்டாப் 2க்கு ‘கடிதங்கள்’ என்று பெயர் மாற்றி மெயிலை அங்கே தள்ளிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.