மச்சான் பணம் கம்பெனிக்குள் வரும்போது

கோயம்புத்தூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பம்ப், பவுண்டரி, ஸ்பின்னிங் மில் என்று குடும்பமாக நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள்தான் எங்களிடம் அதிகம். பணம் தேவைப்பட்டால் முதலில் வங்கி, அப்புறம் சொந்தபந்தம். சிக்கல் இரண்டாவதில்தான்.

ஒரு பவுண்டரிக்காரர் புது ஃபர்னஸுக்காக மச்சானிடமும் சித்தப்பாவிடமும் பணம் வாங்கி, 'உறவினர் கடன்' என்று கணக்கில் காட்டச் சொன்னார். 2013 கம்பெனிகள் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள், கூட்டுக்குடும்பத்தார் உண்டு. சித்தப்பாவும் மச்சானும் இல்லை. அவர்கள் கடனாகக் கொடுத்தால் அது டெபாசிட், அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் வெளியார் பணம், ஆகிவிடும். "ஏனுங்க, என் சம்சாரத்தோட கூடப்பொறந்தவர் சொந்தமில்லீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் கடனாக வாங்காமல் இருவருக்கும் கம்பெனிப் பங்கே கொடுத்தோம். மதிப்பீட்டாளர் அறிக்கை, சிறப்புத் தீர்மானம், அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் பணம், அதற்குத் தனிக் கணக்கு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 (பங்கு ஒதுக்கியதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை ஒரு ரூபாயும் தொடக் கூடாது. ஃபர்னஸ் விற்பவர் அட்வான்ஸ் கேட்டு தினமும் போன் செய்கிறார், பணம் கணக்கில் சும்மா கிடக்கிறது. அந்த அவசரத்தில்தான் பலர் விதியை மீறுகிறார்கள். பங்கு ஒதுக்கிய அன்றே தாக்கலையும் முடித்துவிடுங்கள்.

பதில்:
அண்ணா, மதுரையில் நாங்கள் உணவுப் பதப்படுத்தல் நடத்துகிறோம். முன்பெல்லாம் முதலீட்டாளரிடம் பேச்செடுத்தாலே ஏஞ்சல் டாக்ஸ் பயம். நியாய மதிப்பை விட அதிக விலைக்குப் பங்கு விற்றால், அந்த அதிகத்தொகை கம்பெனியின் வருமானமாகிவிடும். 2024 பட்ஜெட் அதை நீக்கியபின் பேச்சு நேரே பிசினஸுக்கு வருகிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதுக் கம்பெனிகளுக்குத் தரும் டான்சீட் தொடக்க நிதிக்கும் 3 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதால், பங்கைப் பிரிப்பது இப்போது இங்கே யாருக்கும் அதிர்ச்சியாக இல்லை. ஆனால் பங்கு வாங்கிய சித்தப்பா, தன் மகள் கல்யாணத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டால்?

பதில்:
நல்ல கேள்வி தம்பி. பிரைவேட் கம்பெனிப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. அதனால் பணம் வருவதற்கு முன்பே, யார் வாங்கிக்கொள்வார், விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை மாதம் அவகாசம் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அந்தப் பவுண்டரிக்காரரின் சித்தப்பாவே முதலில் கேட்டது இதைத்தான். அவர் கையெழுத்துப் போட்டதும் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகுதான்.