ரூ.30,000-க்குள் பயண மடிக்கணினி: சிம் வசதி தேவையா, வைஃபை போதுமா?

கேள்வி – கல்வெட்டுப் பயணி

ஊர் ஊராகச் சென்று கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுக்கும் பணிக்காக, ரூ.30,000-க்குள் எடை குறைந்த மடிக்கணினி வாங்க எண்ணியுள்ளேன். படங்களை அன்றன்றே அனுப்பியாக வேண்டும். தங்குவதோ சிற்றூர் லாட்ஜுகளில். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று புதியது, ‘வைஃபை 5, 1×1’ என்று குறித்திருக்கிறது. மற்றது நிறுவனம் ஒன்று பயன்படுத்திக் கழித்த கணினி; அதன் பக்கவாட்டில் சிம் செருகும் இடம் உள்ளது. என் கைப்பேசியில் இருப்பது ஜியோ 4ஜி. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மறுமொழி – தென்காசி வாசகர்

1×1 என்றால் அனுப்பவும் பெறவும் ஒரே ஓர் ஆன்டெனா வழி என்று பொருள். வைஃபை 5-இல், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அதன் உச்ச வேகம் நொடிக்கு 433 மெகாபிட், 2×2-க்கு 867. இவை ஏட்டளவு எண்களே. நடைமுறையில் பாதி கிடைத்தாலே நன்று. ஆயினும் சிற்றூர்களில் 4ஜி அந்தப் பாதியைக்கூட எட்டாது என்பதால், ஹாட்ஸ்பாட்டை நம்பும் தங்களுக்கு 1×1 தடையாக இராது. லாட்ஜ் வைஃபையின் சமிக்ஞை மெலிந்து வரும் கோடி அறையில்தான் 2×2-இன் அருமை தெரியும்.

நான் வற்புறுத்துவது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை வசதியை. மிகக் குறைந்த விலைக் கணினிகள் சிலவற்றில் ‘802.11 பி/ஜி/என்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அவற்றில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. அங்கே ஒன்றின் மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். அறைக்கு அறை ஓடும் ஹாட்ஸ்பாட்டும் புளூடூத்தும் அதற்குள்ளேயே நெருக்கியடிக்கும். ‘ஏசி’ (வைஃபை 5) அல்லது ‘ஏஎக்ஸ்’ (வைஃபை 6) என்ற குறிப்பு இல்லாத கணினியை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதீர்கள்.

மறுமொழி – பழுதுநீக்குநர்

சிம் இடம் இருப்பதாலேயே உள்ளே மோடம் (சிம் வழியே இணையம் பெறும் கருவி) இருப்பதாகக் கொள்ள முடியாது. மோடம் உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் ஒரே உடற்கூட்டைத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவதுண்டு. சிலவற்றில் அதற்கான ஆன்டெனாக் கம்பிகூட இராது. தங்கள் சிம்மைக் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

அந்தச் சோதனை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. எனவே பழைய 3ஜி மோடம் தங்களுக்குப் பயன்படாது. ஜியோவின் 4ஜி, பேண்ட் (அலைவரிசை) 5, 3, 40 ஆகியவற்றில், அதாவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இவற்றுள் நெடுந்தொலைவு செல்வதும் சுவரை எளிதில் கடப்பதும் 850. வெளிநாட்டுச் சந்தைக்கெனச் செய்த மோடத்தில் பேண்ட் 5 இல்லாவிட்டால், நகரக் கடையில் நன்றாக வந்த இணையம் கைப்பேசிக் கோபுரம் தொலைவாக உள்ள ஊரில் வராமல் போகலாம். மோடத்தின் மாதிரி எண்ணைக் கொண்டு பேண்ட் பட்டியலைச் சரிபாருங்கள். இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செலவும் உண்டு.

கல்வெட்டுப் பயணி

நன்றி. கைப்பேசியே போதும் என்றால், ஹாட்ஸ்பாட் போட்டதும் அதன் பேட்டரி விரைவில் இறங்கிவிடுகிறதே, அதற்கு வழி உண்டா?

மறுமொழி – மலையோரத்தான்

யுஎஸ்பி டெதரிங், அதாவது கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் முறையைப் பயன்படுத்துங்கள். அதே கேபிள் வழியே கைப்பேசிக்கு மின்சாரமும் ஏறும். வைஃபை நெரிசலும் குறுக்கே வராது. ஆனால் கணினியின் பேட்டரி அந்த அளவுக்குக் குறையும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் இணைப்பும் கிடைக்காது.

கணினிக்குள் இருக்கும் மோடத்தைவிடக் கைப்பேசி மேல் என்று நான் கருதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமிக்ஞை சன்னலருகே மட்டும் கிடைக்கும் அறையில், கைப்பேசியை அங்கே வைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட் வழியாக நாம் மேசையில் அமர்ந்து வேலை செய்யலாம். விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவுக்கு உட்பட்டது) என்று மாற்றி வையுங்கள். இல்லையேல் தங்கள் படங்கள் போய்ச்சேருமுன் விண்டோஸ் அப்டேட் அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடக்கூடும்.