புதுப்பிப்பு: ஒட்சாலிக் அமில நியமிப்பில் நிறம் போகாத சிக்கல் தீர்ந்தது

கிளிநொச்சியில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒட்சாலிக் அமிலத்துடன் பொற்றாசியம் பரமங்கனேற்றை நியமிக்கும்போது (செறிவை அறியத் துளித்துளியாகச் சேர்க்கும்போது), முதல் துளிகளின் ஊதா நிறம் போக மறுக்கிறது, சிலவேளை கபிலமாகக் கலங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பலித்தது வவுனியா ஆசிரியர் அண்ணா சொன்ன வழி. ஐதான சல்பூரிக் அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்து, கூம்புக்குடுவையை ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினோம். முதல் துளி அப்போதும் சற்றுத் தயங்கியது; அது தெளியும்வரை அடுத்ததை விடவில்லை. பிறகு விழுந்த துளிகள் விழுந்தவுடனேயே நிறமிழந்தன. தாக்கத்தில் உண்டாகும் மங்கனீசு(II) அயனே அதை விரைவாக்கும் ஊக்கியாகிவிடுகிறது. மாணவர்கள் இதைக் கண்ணால் காண்பது பெரிய விடயம். கபில நிறம் அமிலம் போதாதபோது வரும் மங்கனீசு ஈரொட்சைட்டு. ஐதரோக்குளோரிக் அமிலம் வேண்டாம்; பரமங்கனேற்று குளோரைட்டையும் ஒட்சியேற்றும்.

புதிய அமிலம் வாங்கத் தேவைப்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: எஞ்சிய ஒட்சாலிக் அமிலக் கரைசலைக் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெண்மை படர்ந்தது. எங்கள் பக்கத்து வன்னீரிலுள்ள கல்சியம், கல்சியம் ஒட்சலேற்றாக வீழ்படிந்திருக்கிறது. ஆகவே நியமக் கரைசலுக்குக் (செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசலுக்கு) காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். இல்லையேல் செறிவு குறைந்துவிடும்.

250 மில்லிலீற்றரில் 0.05 மோலார் கரைசலுக்கு நீரேறிய ஒட்சாலிக் அமிலப் பளிங்கு 1.576 கிராம் வேண்டும். இந்த அமிலம் நஞ்சு, குழாயியை (பிப்பெற்றை) வாயால் உறிஞ்ச விடாதீர்கள்.