டெஸ் தரவின் நேரமும் என் கடிகாரமும் 5 நிமிடம் இடிக்கிறது, உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடி:
வணக்கம். வீட்டு மொட்டைமாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி வைத்து, செப்டம்பர் கடைசி வாரம் மழை விட்ட ஒரு ராத்திரியில் எச்டி 189733 நட்சத்திரத்தைப் படம் பிடித்தேன். அதன் கோள் குறுக்கே போகும்போது வெளிச்சம் சுமார் 2.4 சதவீதம் குறையும், டம்பெல் நெபுலாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடுவதும் சுலபம். கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒளி வளைவிலிருந்து (நேரத்துக்கு நேரம் வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) கோள் குறுக்கே போகும் நடுநேரத்தை எடுத்து, கோளின் சுற்றுக்காலத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, அதோடு 5:30 மணி சேர்த்து நம் நேரமாக்கினேன். முதலில் 12 மணி நேரம் தப்பாக வந்தது, அதை நானே கண்டுபிடித்துவிட்டேன் (ஜூலியன் நாள், அதாவது வானியலில் நாட்களை எண்ணும் தொடர் எண், நடுராத்திரியில் இல்லை, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தின் நண்பகலில், அதாவது நமக்குச் சாயங்காலம் 5:30க்குத்தான் மாறுகிறது). அதைத் திருத்திய பிறகும் கோள் 5 நிமிடம் 20 விநாடி முன்னாடியே வந்த மாதிரி காட்டுகிறது. லேப்டாப் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

கொல்லங்கோடு அண்ணன்:
தம்பி, சுற்றுக்காலத்தை 2.2186 நாள் என்று சுருக்கிப் போட்டீர்களா? அப்படிப் போட்டால் ஒரு சுற்றுக்கு 2 விநாடி கூடும், வருடத்துக்கு 165 சுற்று, ஒரே வருடத்தில் 5 நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடி:
இல்லை அண்ணா, 2.2185757 என்று முழுசாகத்தான் போட்டேன்.

வாளையார் காற்று:
டெஸ் கோப்பில் டைம்கார் என்று நேரத் திருத்த எண்கள் உள்ள ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். அதைக் கழித்துவிடுங்கள், சரியாகிவிடும்.

கொல்லங்கோடு அண்ணன்:
அவசரப்படாதீர்கள். அந்தப் பத்தி டெஸ் படமெடுத்த நாளுக்கான திருத்தம், தம்பி பார்த்த ராத்திரிக்கு அது பொருந்தாது.

கோப்பில் இருக்கும் எண் கேமரா கண்ட நேரமே இல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதால் அதே வெளிச்சம் சில மாதம் சீக்கிரமாகவும் சில மாதம் தாமதமாகவும் நம்மிடம் வரும். நெம்மாறைக் கோயில் வேலா திருவிழாவின் வாணவேடிக்கையை யோசித்துப் பாருங்கள், வெடி ஒன்றுதான், ஆனால் நெம்மாறையில் கேட்ட நேரமும் எங்கள் கொல்லங்கோட்டில் கேட்ட நேரமும் வேறு, ஆகவே எல்லோரும் ஒரே இடத்தில் கேட்ட மாதிரி திருத்திச் சொன்னால்தான் ஒப்பிட முடியும். வானியலில் அந்த இடம் சூரியக் குடும்பத்தின் நிறைமையம், அதற்கு மாற்றிய ஜூலியன் நாள்தான் பிஜேடி. டெஸ் அதிலிருந்து 2457000ஐக் கழித்து எழுதுகிறது, அதற்கு முந்தைய கோள் தேடும் விண்கலமான கெப்ளரில் கழிப்பது 2454833. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வருடக்கணக்கில் தப்பும், அதனால் சீக்கிரம் கண்ணில் படும். உங்கள் மாதிரி 5 நிமிடத் தப்புதான் ஒளிந்துகொள்ளும்.

உங்கள் நட்சத்திரம் சூரியப் பாதையிலிருந்து 42 பாகை தள்ளி இருப்பதால் திருத்தம் அதிகபட்சம் 6 நிமிடம்தான், ஆகஸ்ட் தொடக்கத்தில். செப்டம்பர் கடைசியில் என்றால் கையால் போட்ட கணக்கில் 3 நிமிடம் 50 விநாடி வருகிறது. அப்போது பூமி நட்சத்திரத்தின் பக்கம் இருக்கிறது, அதனால் வெளிச்சம் நமக்கு முதலில் வந்துவிடும். டெஸ் பூமியைச் சுற்றுவது பற்றிக் கவலை வேண்டாம், அதில் ஒன்றிரண்டு விநாடிதான்.

வாளையார் காற்று:
சரி, டைம்காரை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்கிறதே அண்ணா?

கொல்லங்கோடு அண்ணன்:
அதில் பெரும்பங்கு கடிகாரம். கோப்பின் தலைப்பில் டைம்சிஸ் என்ற இடத்தில் டிடிபி (நிறைமையத்துக்கான சீரான நேர அளவு) என்று இருக்கும், யுடிசி இல்லை. யுடிசியில் அவ்வப்போது லீப் விநாடி சேர்ப்பார்கள், டிடிபி அதைக் கண்டுகொள்ளாது. 2017 ஜனவரியிலிருந்து அணு நேரத்துக்கும் யுடிசிக்கும் 37 விநாடி வித்தியாசம், அதோடு டிடிபிக்கும் அணு நேரத்துக்கும் உள்ள 32.184ஐச் சேர்த்தால் 69.184 விநாடி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கெப்ளரின் ஆரம்பத் தரவிலேயே இதே குழப்பத்தால் 66.184 விநாடி தப்பி, பிறகு திருத்தினார்கள்.

கையால் கழிக்காதீர்கள், குறி மாறிவிடும். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் மென்பொருள் தொகுப்பில் உங்கள் படங்களின் நேரத்தை யுடிசி என்று அறிவித்து, ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையும் நட்சத்திரத்தின் இடமும் கொடுத்தால் அதுவே பிஜேடி டிடிபியாக மாற்றித் தரும். டெஸ் எண்களைத் தொடவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடி:
போட்டுப் பார்த்தேன், இப்போது வித்தியாசம் 20 விநாடிதான்! என் அளவீட்டுப் பிழையே ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும், அதனால் இதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ரொம்ப நன்றி அண்ணா.

வாளையார் காற்று:
விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி, இந்தத் தடவை யோசித்துத்தான் கேட்கிறேன். எக்ஸ்போஷர் எத்தனை விநாடி?

கொழிஞ்சாம்பாறை மொட்டைமாடி:
ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து 40 விநாடி வைத்தேன். ஐயோ, கோப்பில் பதிந்திருப்பது ஷட்டர் திறந்த நேரம், எக்ஸ்போஷரின் நடுநேரம் 20 விநாடி கழித்துத்தான்!