தூத்துக்குடி ஹார்பருக்கு 14 நாள் நோட்டீஸ் பழசா, புதுசா?

ஹார்பர்காரன்: நேற்று இங்கே ஒருத்தர், "2025 நவம்பர் 21-ல் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாலும் துறைமுகத்தில் ஒன்றும் மாறாது, சங்கங்கள் சும்மா கூப்பாடு போடுகின்றன" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் என்று கையைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றும் மாறவில்லையாம்!

பாளை வக்கீல்: எழுதியது நான்தான், அண்ணாச்சி. 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே பெரிய துறைமுகம் பொதுப் பயன்பாட்டுச் சேவை. அப்போதே 14 நாள் உண்டு. பீடிக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேண்டுமானால் இது புதுசு. உங்களுக்குப் பழசு.

ஹார்பர்காரன்: அந்த 14 நாள் வேற, இந்த 14 நாள் வேற. அப்போது மீறினால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இப்போது 1,000-ல் தொடங்கி 10,000 வரை. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டாலே வேலைநிறுத்தக் கணக்கு. இதெல்லாம் உம்ம கண்ணில் படாதோ?

பாளை வக்கீல்: அபராதத்தை நான் கேட்கவில்லை. 14 நாள் பழசா இல்லையா?

லாரி மக்கா: ரெண்டு பேரும் நாட்களை எண்ணிட்டே இருங்க. 2024 ஆகஸ்ட் 28 முதல் துறைமுக ஸ்டிரைக் என்று நாடு முழுக்க அறிவித்துவிட்டு, முந்தின நாளே 8.5 சதவீதச் சம்பள உயர்வுக்குப் பேசி முடித்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குக் கூடிச்சு, சரி. காண்டிராக்ட் பையனுக்கு?

ஹார்பர்காரன்: அவனுக்காகத்தான் கத்துகிறோம்! முன்பு 20 பேர் வைத்திருந்தாலே காண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், இப்போது 50. நிலக்கரிக் கப்பலில் கிராப் (கிரேன் வாளி) அள்ளாமல் விட்டதை ஒதுக்க ஹாட்ச்சுக்குள், அதாவது சரக்கு அறைக்குள், இறங்குகிறவன் யார்? வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி வரும்போது கண் இரண்டும்தான் வெள்ளையாக இருக்கும். துப்பினால் கருப்பு. கப்பல் வேலைக்கென்று இருந்த 1986 பாதுகாப்புச் சட்டத்தையும் மற்ற 12 சட்டத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். பாளையில் ஃபேனுக்கடியில் இருப்பவருக்கு இது எங்கே தெரியும்?

பாளை வக்கீல்: ஃபேன் இருக்கட்டும். 14 நாள்?

ஹார்பர்காரன்: 1908-ல் கோரல் மில் தொழிலாளிகளை வ.உ.சி. 14 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டா வெளியே கூட்டிவந்தார்?

பாளை வக்கீல்: கோரல் மில் பஞ்சாலை, துறைமுகம் இல்லை. அப்போது இந்தச் சட்டமும் இல்லை. வ.உ.சி.யை உங்கள் சங்க ஆபீஸ் சொத்தாக்க வேண்டாம். அவரைக் கைது செய்தபோது மார்ச் 13-ல் பொங்கி எழுந்ததும், குண்டடி பட்டுச் செத்ததும் திருநெல்வேலிக்காரன்.

ஹார்பர்காரன்: அவர் கப்பல் விட்டது எங்க ஊர்க் கடலில், உம்ம தாமிரபரணியில் இல்லை!

லாரி மக்கா: 1986 வரை எல்லாம் ஒரே ஜில்லாதானவே. என் கேள்விக்குப் பதில்?

ஹார்பர்காரன்: சொன்னேன்லா, 20 போய் 50 ஆச்சு என்று. அந்த லைசென்ஸைப் பற்றி வக்கீல் வாயே திறக்கவில்லை பார்த்தீரா?

லாரி மக்கா: சட்டத்தை விடுங்க. ஒப்பந்தம் பேசுன மேசையில் உங்க சங்கம் அவனுக்கு என்ன கேட்டுச்சு?

பாளை வக்கீல்: அதற்கும் பதில் வராது, மக்கா. அண்ணாச்சி, மூணாம் தடவை கேட்கிறேன். பழசா, இல்லையா?

ஹார்பர்காரன்: 2026 டிசம்பர் 31-ல், 2024-ல் பேசின அந்தச் சம்பள ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் நாங்கள் கொடுக்கிற நோட்டீஸை வந்து பாரும். அந்த 14 நாள் வேற, இந்த 14 நாள் வேற. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.