உதவி: கிளட்ச் பிடித்தாலும் எலெக்ட்ரிக் டிரயல்ஸ் வண்டி முன்னால் இழுக்கிறது

பாறைப்பல்லி:
அவசரம், ஞாயிறு டிரயல்ஸ் போட்டி (பாறை, மேடுகளில் கால் ஊன்றாமல் ஓட்டுவது). கிளட்சை முழுசாகப் பிடித்தும் வண்டி இழுக்கிறது. நின்ற நிலையில் நியூட்ரலும் விழமாட்டேன் என்கிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா? புதுசு வாங்கணுமா?

கோவைக்காரன்:
எலெக்ட்ரிக் வண்டியில் ஏது கிளட்ச்? என் ஸ்கூட்டரில் அந்த இடத்தில் பின் பிரேக்தான் இருக்கிறது.

செயின்தளர்ச்சி:
எந்த வண்டி, கேபிளா ஹைட்ராலிக்கா, என்ன ஆயில், கடைசியாக எதைக் கழற்றினீர்கள்? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பாறைப்பல்லி:
ஹைட்ராலிக்.

மூத்தபயணி:
இதற்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது தம்பி. ஹைட்ராலிக் என்றால் காற்றுதான். லைனில் காற்று இருந்தால் லிவரின் பாதிப் பயணம் அதை அமுக்கவே போய்விடும், பிளேட் பிரியாது. கீழேயிருந்து சிரிஞ்சால் எண்ணெய் ஏற்றி பிளீட் செய்யவும், அதாவது காற்றை வெளியேற்றவும். வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பாறைப்பல்லி:
பிளீட் பண்ணியாச்சு. லிவர் கெட்டியாகத்தான் இருக்கிறது.

செயின்தளர்ச்சி:
லைனில் இருப்பது மினரல் ஆயிலா, டாட் 4 பிரேக் ஆயிலா? மாஸ்டர் சிலிண்டர் மூடியைப் பாருங்கள். மினரலுக்கான சீலில் டாட் 4 பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

பாறைப்பல்லி:
மினரல். மூடியிலும் அதுதான் போட்டிருக்கிறது. அப்புறம், இது கம்பெனி எலெக்ட்ரிக் இல்லை. பழைய 2 ஸ்ட்ரோக் டிரயல்ஸ் வண்டி. சிலிண்டர், கிராங்கை எடுத்துவிட்டு 48 வோல்ட் மோட்டார் பூட்டியது. கிளட்சும் கியர்பாக்ஸும் பழையவைதான்.

மூத்தபயணி:
முதல் வரியிலேயே சொல்ல வேண்டிய விஷயம்.

கோவைக்காரன்:
அப்படியென்றால் கிளட்சைத் தூக்கிப் போடுங்கள். மோட்டார் நிற்கும்போதே முழு டார்க்கும் கைக்கு வருமே, எதற்கு வீண் எடை?

மலைமேடு:
ரோட்டுக்குச் சரி. மார்பளவுப் பாறைக்கு முன்னால் ஓடிவர இடமில்லாமல் நிற்கும்போது அது போதாது. கிளட்சைப் பிடித்து, மோட்டாரையும் ஃபிளைவீலையும் சுழலவிட்டு, பட்டென்று விட வேண்டும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் சுழற்சியில் சேரும் ஆற்றல் நான்கு மடங்கு. யமஹாவின் எலெக்ட்ரிக் டிரயல்ஸ் வண்டி டிஒய்-இயில் கிளட்சும் ஃபிளைவீலும் வைத்தது சும்மாவா? 2018-இல் ஜப்பான் வீரர் குரோயாமா கெனிச்சி அதை ஓட்டித்தான் எஃப்ஐஎம் (உலக மோட்டார்சைக்கிள் சம்மேளனம்) நடத்தும் டிரயல்-ஈ கோப்பையில் இரண்டாவது வந்தார். எலெக்ட்ரிக் மோஷன் கம்பெனியின் எப்யூர் ரேஸ் வண்டியிலும் ஹைட்ராலிக் கிளட்ச் உண்டு.

கோவைக்காரன்:
ஓசெட் வண்டியில் இல்லையே?

மலைமேடு:
அது குழந்தைகள் வண்டி.

கோவைக்காரன்:
பெரியவர்களுக்கும் விட்டார்கள், தேடிப் பாருங்கள். மோட்டார் கன்ட்ரோலரில் த்ராட்டில் கர்வை மாற்றினால் கிளட்ச் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

மலைமேடு:
பேட்டரி தரும் கரண்டைத் தாண்டி மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? ஃபிளைவீல் முன்கூட்டியே சேர்த்து வைத்ததை ஒரு நொடிக்குள் கொட்டும். வித்தியாசம் அதுதான்.

செயின்தளர்ச்சி:
உங்கள் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள் சாமி. பாறைப்பல்லி, கியர்பாக்ஸில் என்ன ஆயில்? இழுப்பு காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா?

பாறைப்பல்லி:
80W-90 கியர் ஆயில். கடையில் அதுதான் இருந்தது. நாள் முழுக்க இழுக்கிறது. இங்கே யார்க்‌ஷயரில் இப்போது 4 டிகிரி.

செயின்தளர்ச்சி:
பிடிபட்டது. பெட்ரோல் எஞ்சின் கொஞ்ச நேரத்தில் கேஸைச் சூடாக்கிவிடும், ஆயில் இளகும், பிளேட்டுகள் பிரியும். உங்கள் வண்டியில் அந்தச் சூடு இல்லை. கெட்டி ஆயில் பிளேட்டுகளுக்கு நடுவில் பசையாக உட்கார்ந்து மாலை வரை அப்படியே இருக்கும். வடித்துவிட்டு ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஆயில்) ஊற்றுங்கள், இல்லையென்றால் அந்தப் பழைய வண்டியின் மேனுவல் சொல்லும் மெல்லிய கியர் ஆயில். எரிபொருள் சிக்கனம் என்று போட்ட கார் எஞ்சின் ஆயில் மட்டும் வேண்டாம், கிளட்ச் வழுக்கும்.

நியூட்ரல் கதை வேறு. பெட்ரோல் வண்டியில் ஐட்லிங் இருப்பதால், கிளட்ச் பிடித்திருந்தாலும் கியர்பாக்ஸின் உள்தண்டுக்கு லேசான அதிர்வு வந்துகொண்டே இருக்கும், கியர் நழுவி வெளியே வரும். உங்கள் மோட்டார் நின்றால் எல்லாமே நின்றுவிடும், டாக் பற்கள் (கியர்களை ஒன்றோடொன்று பூட்டும் பற்கள்) இறுகி நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் அசைத்தபடி பெடலை மிதியுங்கள்.

இதிலும் சரியாகாவிட்டால் கவரைத் திறந்து பாஸ்கெட் (பிளேட்டுகள் உட்காரும் கூடை) விரல்களைப் பாருங்கள். பிளேட் காது இடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொள்ளும். ஃபைபர் பட்டைகளின் ஓரத்தில் பிதுங்கிய பசையும் இழுக்கும், சுரண்டி எடுங்கள். திறக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றணும். தெரியாமல் த்ராட்டிலில் கை பட்டால் விரல் போய்விடும்.

மூத்தபயணி:
கியர்பாக்ஸில் ஏடிஎஃப்பா? பல் தேய்ந்த பிறகு இங்கேதான் வந்து அழுவார். காற்றை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

செயின்தளர்ச்சி:
டிரயல்ஸ்காரர்கள் வெகுகாலமாக ஏடிஎஃப் ஊற்றித்தான் ஓட்டுகிறார்கள், ஐயா. தேடல் பெட்டி மேலே இருக்கிறது.

பாறைப்பல்லி:
ஏடிஎஃப் ஊற்றினேன். இழுப்பு நின்றது. நியூட்ரல் இன்னும் மக்கர். கிளம்புகிறேன், நன்றி.

மலைமேடு:
பாஸ்கெட்டைப் பார்த்தீர்களா? படம் போடுங்கள்.

கோவைக்காரன்:
மோட்டார் எத்தனை கிலோவாட்? மோட்டாரிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரிக்குச் செயினா பெல்ட்டா? நானும் ஒன்று கட்டப்போகிறேன், கிளட்ச் இல்லாமல்.