அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மறதிநோய் இல்லம், போதை மறுவாழ்வு மையம்: ஒரே உரிமம் போதுமா?

கேள்வி: ரெண்டையும் ஒரே வளாகத்தில் நடத்தலாமா? ஊழியர் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

பதில் 1: ஒரே உரிமம் போதாதுங்க. மாநிலச் சட்டத்தில் மறதிநோய் இல்லம் உட்பட முதியோர் உதவி இல்லத்துக்கு 144ஜி அத்தியாயம், போதை சிகிச்சைக்கு 245ஜி அத்தியாயம். 2021 ஆகஸ்ட் 1 முதல் இல்லங்களுக்கே ரெண்டு வகை உரிமம்: சாதாரண வகை, மறதிநோய்ப் பராமரிப்பும் சேர்ந்த மேல்வகை. பூட்டிய மறதிநோய்ப் பிரிவு வைத்தால் மேல்வகைதான்.

பதில் 2: அந்த வகையில் நேரடிப் பராமரிப்பாளருக்கு முதல் 80 வேலை மணிக்குள் 8 மணி நேர மறதிநோய்ப் பயிற்சி. சிக்கல் இரவுப்பணியில்தான் வரும். புதியவரைத் தனியே போட்டுவிடுவார்கள். பயிற்சி முடித்த ஒருவர் உடனிருந்தே ஆகணும். பூட்டிய பிரிவுக்குள் 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஆள் கட்டாயம். நடுராத்திரி செருப்பை மாட்டிக்கொண்டு கதவை இழுக்கும் பெரியவரை வேறு யார் பார்ப்பது?

பதில் 3: 245ஜி-யில் குழு சிகிச்சைக்கு 16 பேர்தான் உச்சம். அறையை அதற்கேற்பப் பிரிங்க.